கையெடுத்தா கெட்டுப்போவும்

நுஸைபாவின் தம்ரூட்டுக்கு மீமிசலில் பெயர் உண்டு. ரவை, முட்டை, பால், நெய், சீனி எல்லாம் சேர்த்து அடுப்பில் இறுகக் கிளறி, அப்புறம் ஓவனில் வைத்து மேல்பக்கம் சிவக்க விடுகிற இனிப்பு அது. நோன்பு மாதம் முழுக்க அவளுக்குக் கை ஓயாது. பெருநாள் முடிந்ததும் ஓவன் சும்மா கிடக்கும். தெருவில் யாருக்காவது நிக்காஹ் பேசினால்தான் மறுபடி சூடாகும்.

அவள் கணவன் ரியாசுதீன் தோஹாவில் ஒரு கேட்டரிங் கம்பெனிக்கு வேன் ஓட்டுகிறான். "ஒரு பேஜ் ஆரம்பிச்சு வீடியோ போடு. இங்க முடிவெட்டுறவரே பேஜ் வச்சிருக்காரு" என்று அவன்தான் சொன்னான். முகம் காட்டமாட்டேன் என்பது நுஸைபாவின் முடிவு. "என் மொகத்தப் பாத்தா தம்ரூட் விக்கப்போவுது? கை மட்டும் தெரிஞ்சாப் போதும், மச்சான்" என்றாள்.

எப்படிச் செய்வது என்று தெரிந்துகொள்ள மணமேல்குடிக்கு மூன்று நாள் பஸ் ஏறிப் போனாள். சிறுதொழில் செய்பவர்களுக்காக அங்கே ஒரு மாடியில் தேவிப்ரியா என்ற பெண் வகுப்பு நடத்தினாள். இன்ஜினியரிங் முடித்தவள், வேகமாகப் பேசுவாள். அவள் சொன்னதையெல்லாம் நுஸைபா நோட்டில் எழுதிக்கொண்டாள். முதல் மூன்று செகண்டில் ஆளைப் பிடிக்க வேண்டும். அந்தந்த வாரம் டிரெண்டிங்கில் இருக்கிற ஆடியோவைப் போட வேண்டும். வாரத்துக்கு நாலு வீடியோ. எல்லாவற்றுக்கும் மேலே, இயல்பாக இருக்க வேண்டும்.

"மூணு செகண்ட்ல ஆளப் புடிச்சுக்கிட்டு, வேற யாரோ பாடுன பாட்டயும் போட்டுக்கிட்டு, இயல்பாவும் எப்படிங்க இருக்கிறது?" என்று கடைசி நாள் கேட்டாள்.

"செஞ்சு பாருங்கக்கா, தானாப் புரியும்" என்றாள் தேவிப்ரியா.

செய்து பார்த்தாள். புரியவில்லை. நெய் ஊற்றுவதைக் கிட்டத்திலிருந்து எடுத்து, பாட்டுச் சேர்த்து, எழுத்துப் போட்டு, ஒரு நாள் முழுக்க மெனக்கெட்ட வீடியோவை நூற்றுப் பன்னிரண்டு பேர் பார்த்தார்கள். அதில் பாதிப் பேர் சொந்தக்காரர்கள். தவறித் தலைகீழாகப் போட்ட ஒரு வீடியோவைத் தொள்ளாயிரம் பேர் பார்த்தார்கள். சரி, தலைகீழாக இருந்தால்தான் பிடிக்கும் போலிருக்கிறது என்று அடுத்ததை வேண்டுமென்றே தலைகீழாகப் போட்டாள். அதை எழுபது பேர்கூடப் பார்க்கவில்லை.

இருபத்தாறாவது வீடியோ எடுத்த அன்று, பக்கத்து வீட்டிலிருந்து அவள் கணவனின் அக்கா ரஹ்மத் நிஷா வந்தாள். நுஸைபா அவளை லாத்தா என்று கூப்பிடுவாள். லாத்தாவுக்குத் தானும் கிளறிப் பார்க்க ஆசை. கரண்டியை வாங்கி இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு, முக்காட்டைச் சரிசெய்யக் கையை எடுத்தாள். முட்டை சேர்த்த பால் அடுப்பில் சூடேறிக்கொண்டிருந்தது, கிளறாமல் விட்டால் திரிந்துபோகும். நுஸைபா பதறிப்போய்ச் சொன்னாள்: "கையெடுத்தா கெட்டுப்போவும் லாத்தா. அப்பறம் என்னய வந்து கேக்கக் கூடாது, ஆமா."

போன் ஸ்டாண்டில் ஓடிக்கொண்டே இருந்தது. சட்டி தெரிந்தது, இரண்டு பேரின் கைகள் தெரிந்தன, பேச்சும் பதிவாகியிருந்தது. அசர் தொழுகைக்கு நேரமாகிவிட்டதால் பாட்டுத் தேட அவளுக்குப் பொறுமையில்லை. வந்தது வந்தபடி போட்டுவிட்டுத் தொழப் போய்விட்டாள்.

ஒரு வாரம் கழித்து லாத்தா போனைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள்.

"இங்கிட்டு வா. இதக் கேளு."

போனில் ஒருவன் பைக் ஓட்டிக்கொண்டே இரண்டு கையையும் விட்டான். பின்னால் உட்கார்ந்திருந்த பெண் வாயசைத்தாள். வந்தது நுஸைபாவின் குரல். கையெடுத்தா கெட்டுப்போவும். அப்பறம் என்னய வந்து கேக்கக் கூடாது, ஆமா. நடுவில் இருந்த 'லாத்தா'வை மட்டும் யாரோ வெட்டி எடுத்திருந்தார்கள்.

"என் பேரத்தான் எடுத்துட்டானுவ" என்றாள் லாத்தா. அவளுக்கு அது வருத்தமாக இருந்தது.

தேடத் தேட வந்துகொண்டே இருந்தது. மாலை மாற்றிய மாப்பிள்ளை பெண்ணின் கையை விடுகிறான், மாமியார் நுஸைபாவின் குரலில் சொல்கிறாள். பல் டாக்டர் சொல்கிறார். கட்டியிருந்த ஆட்டின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒரு தாத்தா சொல்கிறார். வாயை மட்டும் கோணலாக அசைத்து ஒரு பூனையும் சொன்னது. எட்டாயிரத்துச் சொச்சம் பேர் அந்த ஆடியோவை எடுத்திருந்தார்கள். அவர்கள் அவளைக் கேலி செய்கிறார்களா, கொண்டாடுகிறார்களா என்பதை நுஸைபாவால் சொல்ல முடியவில்லை. ஒன்றைப் பார்த்தால் சிரிப்பு வந்தது. அடுத்ததைப் பார்த்தால் யாரோ அவள் தொண்டையில் கைவிட்டு எடுத்துக்கொண்டு போனது போலிருந்தது.

ஆனால் தம்ரூட் கேட்டு ஒருவரும் வரவில்லை. அவளுடைய பக்கத்தில் அந்த வீடியோவைப் பார்த்தவர்கள் ஐந்நூறு பேர்தான். அந்த ஆடியோவின் கீழே 'சிரிப்புச் சட்டி' என்று வேறு ஏதோ ஒரு பக்கத்தின் பெயர் இருந்தது. அவர்கள் அவள் வீடியோவை இறக்கி, பேச்சை மட்டும் வெட்டித் தங்கள் பெயரில் ஏற்றியிருந்தார்கள்.

அன்று மதியம் தேவிப்ரியாவிடமிருந்து ஒரு லிங்க் வந்தது. 'அக்கா, இந்த வாரம் இந்த ஆடியோதான் செம டிரெண்டிங். ஒங்க சட்டி வீடியோவுக்கு அப்படியே பொருந்தும், மிஸ் பண்ணாதீங்க' என்று எழுதியிருந்தாள். நுஸைபா போன் பண்ணினாள்.

"அது நாந்தாங்க."

"எதுக்கா?"

"அந்தக் குரல். அது என்னோடதுதான்."

"அப்படின்னா," என்று இழுத்தாள் தேவிப்ரியா, "நீங்க அதப் போட்டா நல்லதாக்கா, போடாட்டி நல்லதா? எனக்கே சொல்லத் தெரியலயே." எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருக்கிற அந்தப் பெண் தெரியாது என்று சொல்லி நுஸைபா கேட்டது அதுதான் முதல் தடவை.

வெள்ளிக்கிழமை ரியாசுதீன் வீடியோ காலில் வந்தான். சாப்பிட்டாயா என்று கேட்டான். வெயிலைப் பற்றிப் பேசினான். பிறகு, "நம்ம ரூமுல சூசைராஜ்னு ஒருத்தர் இருக்காருல்ல, குளத்தூர்க்காரரு" என்றான்.

"ஆமா, சொல்லியிருக்கீங்க."

"நேத்து அவரு ஒரு வீடியோ காட்டுனாரு. லிப்ஸ்டிக்கெல்லாம் போட்டுக்கிட்டு ஒரு பொம்பள. அவ வாயத் தொறந்தா ஒன் குரலு வருது."

"ம்."

"எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன்."

"அது என் வீட்டுக்காரின்னு சொன்னீங்களா?"

"சொல்லல."

"ஏன் மச்சான்?"

அவன் கேமராவைப் பார்க்காமல் எங்கோ பார்த்தான். "தெரியல. சொல்லத்தான் வாயத் தொறந்தேன். அப்பறம் அது நீதானான்னு எனக்கே ஒரு மாதிரி ஆயிருச்சு. ஒனக்கு அது சந்தோசமா, சங்கடமா?"

"அதத்தான் நானும் யோசிச்சுக்கிட்டிருக்கேன்."

மறுநாள் சிரிப்புச் சட்டிக்கு ஒரு மெசேஜ் அனுப்பினாள். சண்டை போடும் எண்ணம் இல்லை. 'அஸ்ஸலாமு அலைக்கும். அந்தப் பேச்சு என்னுடையது. மீமிசல் தம்ரூட் என்று என் பக்கத்தின் பெயரை மட்டும் கீழே போட்டுவிடுங்கள், போதும்.' அந்தப் பக்கத்தை நடத்தும் பீட்டர் என்பவரிடமிருந்து பதில் வந்தது. மரியாதையாகத்தான் எழுதியிருந்தார். 'அக்கா, இதுவரைக்கும் ஆறு பேர் அது என்னோட வாய்ஸுன்னு வந்துட்டாங்க. நான் யார நம்புறது? நீங்களே பேசி அனுப்புங்க, கேட்டுப் பாக்குறேன்.'

அடுப்படிக் கதவைச் சாத்திக்கொண்டு பேசி அனுப்பினாள். அரை மணி நேரத்தில் பதில்.

'தப்பா எடுத்துக்காதீங்கக்கா. ஒங்க வாய்ஸ் கொஞ்சம் கட்டையா இருக்கு. ஒரிஜினல்ல ஒரு இழுப்பு இருக்கும், அது வரல.'

நுஸைபா ஒரிஜினலைப் போட்டுக் கேட்டாள். தான் அனுப்பியதையும் கேட்டாள். அவர் சொன்னது சரிதான். இழுப்பு வரவில்லை. திரும்பச் சொன்னாள். இப்போது இழுப்பு அதிகமாகிவிட்டது. 'ஆமா'வை மட்டும் தனியாகச் சொல்லிப் பார்த்தாள். நாடகத்தில் பேசுவது போலிருந்தது. சொல்லச் சொல்ல அவள் தன்னைவிட்டுத் தள்ளித் தள்ளிப் போனாள். மூஞ்சியில் வேர்த்துவிட்டது. கரண்டியைக் கையில் பிடித்துக்கொண்டால் வருமோ என்று நினைத்து, காலிச் சட்டியில் கரண்டியை விட்டுச் சுற்றிக்கொண்டே சொன்னாள். அந்த நேரம் பார்த்து லாத்தா கதவைத் திறந்தாள்.

"யாருட்ட பேசுற?"

"யாருட்டயும் இல்ல லாத்தா. நான் எப்படிப் பேசுவேன்? சொல்லுங்க."

"எப்படின்னா?"

"சும்மா இருக்கயில. நான் எப்படிப் பேசுவேன்?"

லாத்தா அவளைக் கவலையோடு பார்த்தாள். "இந்தா, இப்பப் பேசுறியே, இப்படித்தான்" என்றாள்.

தேவிப்ரியாதான் வழி சொன்னாள். முழு வீடியோவும் தேதியோடு நுஸைபாவின் போனில் இருந்தது. லாத்தாவைக் கூப்பிடும் இடமும் அதில் வெட்டாமல் இருந்தது. அதை வைத்து வீடியோ ஆப் கம்பெனிக்கே புகார் கொடுக்கலாம் என்று, இரண்டு பேரும் மணமேல்குடி மாடியில் உட்கார்ந்து படிவத்தை நிரப்பினார்கள். 'நீங்கள் எதிர்பார்ப்பது என்ன?' என்ற கேள்விக்கு, 'என் பெயர் வர வேண்டும்' என்று எழுதச் சொன்னாள் நுஸைபா. தேவிப்ரியா அதை இங்கிலீஷில் எழுதினாள்.

ஒன்பது நாள் கழித்துப் புகார் ஏற்கப்பட்டதாகச் செய்தி வந்தது. நுஸைபா முதலில் அந்தப் பைக் ஓட்டியவன் வீடியோவைத் திறந்தாள். பைக் ஓடியது. அவன் கையை விட்டான். பின்னால் இருந்தவள் வாயைத் திறந்து மூடினாள். சத்தமே இல்லை. மாமியாருக்கும் சத்தமில்லை, டாக்டருக்கும் சத்தமில்லை, ஆட்டுக்காரத் தாத்தாவுக்கும் பூனைக்கும் சத்தமில்லை. திருட்டு ஆடியோ என்று அதை அடியோடு எடுத்துவிட்டார்கள். எட்டாயிரத்துச் சொச்சம் பேரும் வாயை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தார்கள்.

"நான் பேருதானே கேட்டேன்" என்றாள் தேவிப்ரியாவிடம்.

"பேரத்தான் எழுதுனேங்க்கா. அவுங்க இதப் பண்ணிட்டாங்க."

புகார் கொடுத்தது யார் என்று சிரிப்புச் சட்டி எழுதிவிட்டதால், அன்றிலிருந்து அவள் பக்கத்துக்கு ஆள் வந்தது. திட்டுவதற்காக வந்தார்கள். 'நல்லா ஓடிக்கிட்டிருந்ததக் கெடுத்துட்டீங்களே' என்று ஒருவர். 'பாவம் எங்கம்மா, அதப் போட்டுப் போட்டுச் சிரிக்கும். இப்ப ஒண்ணும் கேக்கலன்னு ஒக்காந்துருக்கு' என்று இன்னொருவர். அதை நுஸைபா இரண்டு தடவை படித்தாள். தன் பொருளைக் கேட்டதில் என்ன தப்பு என்று தோன்றியது. யாரோ ஒரு அம்மாவின் சிரிப்பை நிறுத்திவிட்டோமே என்றும் தோன்றியது. இரண்டும் ஒரே நேரத்தில் வந்தன. எதைப் பிடித்துக்கொள்வது என்று தெரியாமல், அந்த அம்மாவின் மகனுக்குத் தன்னுடைய முழு வீடியோவை மட்டும் அனுப்பிவைத்தாள். 'இதில் சத்தம் இருக்கும்' என்று எழுதினாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை ரியாசுதீன் சொன்னான்: "சூசைராஜு வீடியோவுல சத்தம் போயிருச்சு. போன்தான் ரிப்பேருன்னு கழுவித் தொடச்சுக்கிட்டிருந்தாரு. பாவமாப் போச்சு. அது என் வீட்டுக்காரி குரலுன்னு சொல்லிட்டேன்."

"நம்புனாரா?"

"நம்பல. அவரு போன்ல அந்தப் படத்த ஓட விட்டு, அவ வாயசைக்கயில நானே ஒன்ன மாதிரிச் சொல்லிக் காட்டுனேன்."

"எப்படிச் சொன்னீங்க?"

அவன் சொல்லிக் காட்டினான். கட்டைக் குரல், வேன் டிரைவர் குரல். ஆனால் அந்த இழுப்பு அதில் இருந்தது. நுஸைபா போனைக் காதோடு வைத்து இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். வீடியோ காலில் போனைக் காதில் வைத்ததால் அவனுக்கு அவள் காது மட்டும்தான் தெரிந்தது. அவன் மறுக்காமல் திரும்பச் சொன்னான்.

அதற்குப் பிறகு பத்து நாள் அவள் வீடியோ எடுக்கவில்லை. பதினோராம் நாள் ஸ்டாண்டை எடுத்து வைத்தாள். பேசலாமா, பாட்டுப் போடலாமா, தலைகீழாகப் போடலாமா என்று எதுவும் அவளுக்குத் தெளிவாகவில்லை. நோட்டை எடுத்துப் பார்க்கவுமில்லை. நெய் உருகிக்கொண்டிருக்கும்போது, நேற்றைய மழையில் ரவை நமத்துப்போனதைப் பற்றி, வெயிலில் எவ்வளவு நேரம் காயவைத்தாள் என்பதைப் பற்றி, யாரிடமோ சொல்வது போலச் சொன்னாள். இருநூற்றுச் சொச்சம் பேர் பார்த்தார்கள். கீழே ஒருவர், 'அந்தக் குரல் மாதிரியே இருக்கு, ஆனா அவங்க இல்ல' என்று எழுதியிருந்தார். அவருக்கு என்ன பதில் எழுதுவது என்று யோசித்துவிட்டு, ஒரு சிரிப்புப் பொம்மையை மட்டும் போட்டாள்.

அந்த வாரமே கோட்டைப்பட்டினத்திலிருந்து உண்ணாமலை என்று ஒரு அம்மா கூப்பிட்டார். மகளுக்கு வளைகாப்பு, ஆறு தட்டு வேண்டும் என்றார்.

"எங்க பாத்துக் கூப்புடுறீங்கம்மா? எந்த வீடியோ?" என்று நுஸைபா கேட்டாள்.

"வீடியோவா?" என்றார் அந்த அம்மா. "அதெல்லாம் தெரியாதும்மா. யாரோ நம்பர் குடுத்தாங்க. யாருன்னு எனக்கு நெனப்பில்ல. ஏம்மா, யாருன்னு சொன்னாத்தான் குடுப்பீங்களா?"

"இல்லம்மா, அப்படியெல்லாம் இல்ல" என்றாள் நுஸைபா. முட்டை சேர்ப்போம், அது உங்களுக்குப் பரவாயில்லையா என்று கேட்டாள். பரவாயில்லை என்றார். எந்தக் கிழமை, எத்தனை மணிக்குள் கொண்டுவர வேண்டும் என்று கேட்டு, அடுப்படிச் சுவரில் தொங்கிய காலண்டரில் குறித்துக்கொண்டாள்.