நாலாவது சீர்

பறை ஓய்ந்த இடைவெளியில், ஏரம்பு மாமா தாளின் கடைசி வரியில் சிவப்புப் பேனையால் ஒரு வட்டம் போட்டார். ஓய்வு பெற்ற தமிழாசிரியர். சொந்தத் தங்கை இரத்தினம்மா கூடத்தில் பெட்டிக்குள் கிடக்கும்போதும் அவர் கையை விட்டுப் பேனை இறங்கவில்லை.

“பிள்ளை, உதிலை ஒரு சீர் குறையுது.”

“தெரிஞ்சுதான் விட்டனான் மாமா,” என்றாள் உதயகலா. இரத்தினம்மாவின் ஒரே மகள்; தாளில் இருந்த பாட்டை எழுதியவள்.

செத்தவரின் வாழ்க்கையைப் பாட்டாய்ச் சொல்லும் கல்வெட்டை முப்பத்தோராம் நாளில்தான் வாசிப்பார்கள். இரத்தினம்மா அதற்கு ஒப்பவில்லை. “நான் கிடக்கேக்கையே வாசியுங்கோ. எரிச்ச பிறகு ஆருக்கு?” என்று நோயில் கிடந்தபோதே சொல்லிவிட்டாள். கச்சாய்க் கரையில் அவள் சொல்லை மீறியவர் கிடையாது. பாதை பூட்டிய போர்க்காலத்தில், இறந்த கணவனின் வள்ளத்தில் காயக்காரரையும் பிள்ளைத்தாய்ச்சிகளையும் ஏற்றிக் கடல்நீரேரியைக் கடந்தவள்.

மாமா கண்ணாடியை ஏற்றிவிட்டு முதலிலிருந்து பார்த்தார்.

“‘வெள்ளி முளைக்குமுன் வள்ளம் எடுத்தாள், கள்ள இருளைக் கடந்து கரைசேர்ந்தாள்.’ எதுகை வடிவாய் விழுந்திருக்கு. ஆனா ஒவ்வொரு பாட்டும் கரைசேர்ந்தாள், கரைசேர்ந்தாள் எண்டே முடியுது. சொல்லுக்குப் பஞ்சமோ?”

“அம்மா திரும்பத் திரும்பத்தானே போனவா.”

மாமா விடவில்லை.

“சரி, அப்ப கடைசிப் பாட்டிலை ஏன் அந்தச் சொல் இல்லை? ‘இன்று தனியே எழுந்தவள்’ எண்டு மூண்டு சீரோடை நொண்டுது. தமிழ் படிப்பிக்கிறவளுக்கு யாப்புத் தெரியாதெண்டு சபை சிரிக்கும். நான் போட்டுத்தான் வாசிப்பன்.”

“வேண்டாம் மாமா. சின்னனிலை ஒவ்வொரு தரமும் கரையிலை நிண்டு அம்மா வந்ததைக் கண்டனான். கண்டதை எழுதினன். இதைக் காணேல்லை. காணாததை அம்மாவின்ரை கல்வெட்டிலை போடமாட்டன்.”

குரல் உடைந்தது. பிடிவாதம் உடையவில்லை.

மாமா தாளோடு பெட்டியின் தலைமாட்டுக்குப் போய் வாசிக்கத் தொடங்கினார். அவருக்கு நல்ல குரல். முற்றத்துப் பந்தலில் சனம் அசையவில்லை. அவர் கரைசேர்ந்தாள் என்று முடிக்கும் ஒவ்வொரு தரமும் உதயகலா தாயின் முகத்தைப் பார்த்தாள். கடைசி வரி வந்தது.

“இன்று தனியே எழுந்தவள்…”

மாமா தங்கையைப் பார்த்தார். உதடு அசைந்தது. சொல் வரவில்லை. போடாமல் விட்டாரா, போட முடியாமல் விட்டாரா, அவருக்கே தெரிந்திருக்காது.

பந்தலின் கடைசிக் கதிரையிலிருந்து லெனாட் எழுந்தார். காலில் ஷெல் துண்டோடு இரத்தினம்மாவின் வள்ளத்தில் கிடந்து போனவர்.

“கரைசேர்ந்தாள்,” என்றார்.

பிறகு ஒரு பெண். பிறகு, அன்று அந்தப் பெண்ணின் வயிற்றில் கிடந்தே நீரேரியைக் கடந்த அவளுடைய மகன். பிறகு பந்தல் முழுக்க.

உதயகலாவுக்கு அழுகையும் பெருமையும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன. நிமிர்ந்து நின்றாள்.

பறை மீண்டும் தொடங்கியது. பெட்டியைத் தூக்கினார்கள். பெண்கள் நின்றுவிடும் வாசல் படலையடியில் மாமா தாளை அவளிடம் நீட்டிவிட்டு ஆண்களோடு சுடலைக்கு நடந்தார். சிவப்பு வட்டம் அப்படியே இருந்தது. அதற்குள் அவர் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.