அவசர ஒட்டு

என் மனைவி விதையிலிருந்து வளர்த்த கள்ளிக் குட்டியின் தலையை நானே சீவிக் கொன்றுவிட்டேன். கொலைநோக்கம் எல்லாம் இல்லை. இரண்டு வருடமாகப் பட்டாணி அளவிலேயே நின்ற அதை, முக்கோணக் கள்ளித் தண்டில் ஒட்டினால் மளமளவென்று வளரும். மகள் வீட்டுக்குப் போயிருக்கும் அவள் திரும்பும்போது எலுமிச்சை அளவில் காட்டி அசத்தலாம் என்று நினைத்தேன். இரண்டையும் வெட்டி, ஒன்றன்மேல் ஒன்றை வைத்து, ரப்பர் பேண்டால் இறுக்கியதுவரை சரி. பாசம் மிகுந்துபோய் வெட்டுவாயில் தினமும் தண்ணீர் தெளித்தேன். ஐந்தாம் நாள் அழுகி விழுந்தது.

ஜன்னலோரம் இன்னும் முப்பது கள்ளிகள் இருக்கின்றன. எதுவும் நான் பேசினால் பதில் சொல்வதில்லை. எனவே அவளுக்கே போன் போட்டு ஒப்புக்கொண்டேன்.

“நான் வர்ற வரைக்கும் கைய வச்சுக்கிட்டு சும்மா இருங்கன்னு சொன்னேனா இல்லையா?”

“சொன்னே. ஒரு மாசம்னும் சொல்லிட்டுப் போனே. பதினொரு மாசம் ஆச்சு. எப்பம்மா வர்றே?”

வழக்கமாக, “பாக்கலாம்” என்பாள். அந்த ஒரு சொல்லை நம்பித்தான் அவளுடைய தலையணைக்கும் வாராவாரம் உறை மாற்றிக்கொண்டிருந்தேன். இன்று அந்தச் சொல் வரவில்லை.

“வரலைங்க,” என்றாள். “இனிமே இங்கதான் இருக்கப்போறேன்.”