பள்ளத்துக்கு விட்ட வழி

மதுக்கரைக்குத் தெற்கே சென்னகேசவன் வாங்கிய நிலத்தின் குறுக்கே ஒரு பள்ளம் ஓடுவதாக ஊரார் சொன்னார்கள். அவர் பார்த்தவரை அது வேலிகாத்தான் முளைத்த வெறும் தாழ்வுதான். மண் கொட்டி மேடாக்கி, இரும்பு வார்க்கும் பவுண்டரி கட்டி, சுற்றிலும் கருங்கல் மதில் எழுப்பினார். சொந்தச் சம்பாத்தியத்தில் எழுந்த மதில் என்று அதன்மேல் அவருக்குத் தனிப் பெருமை.

தொண்ணூற்றாறில் பஞ்சாயத்துத் தலைவியாக ஜெயித்த பொற்கொடி, அடுத்த வருஷம் அவரைத் தேடி வந்தாள்.

"ஏனுங்க, மலைத்தண்ணி குட்டைக்குப் போறது இந்தப் பள்ளத்துலதானுங்க. மதில்ல மேக்காலயும் கெழக்காலயும் கொஞ்சம் வழி உட்டீங்கன்னா போதுமுங்க. குட்டை செத்துக் கெடக்குதுங்க."

"குட்டைக்கு ஏது அம்மணி உசுரு?" என்று சிரித்தார் அவர். "மழையே இல்லாத ஊர்ல தண்ணிக்கு வழி எதுக்குங்க?"

"ஒருக்கா வந்து பாருங்க" என்று சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள். அவர் போகவில்லை.

ஐப்பசியில் மலைமேல் மழை பிடித்துக்கொண்டது. காலையில் பவுண்டரிக்கு வந்தவர் மேற்கு மதிலின் வெளிப்புறத்துக்கு ஓடினார். அங்கே செந்தண்ணீர் முழங்கால் உயரத்துக்குத் தேங்கி நின்றது. மதில் தாங்குமா என்று கையால் அழுத்திப் பார்த்தபோதுதான் ஓர் ஆமை கண்ணில் பட்டது.

கல்லிடுக்கில் நகத்தைப் பதித்து ஏறியது. வழுக்கித் தண்ணீரில் விழுந்தது. மறுபடி அதே இடத்துக்கு நீந்தி வந்து ஏறியது. சற்றுத் தள்ளி இன்னொன்றும் அதையே செய்துகொண்டிருந்தது. எதற்கு இந்தப் பாடு என்று அவருக்கு முதலில் எரிச்சல்தான் வந்தது. பிறகு பார்க்கச் சகிக்கவில்லை. இரண்டையும் தூக்கிக்கொண்டு மதிலைச் சுற்றிக் கிழக்கே நடந்தார்.

குட்டையை அன்றுதான் பார்த்தார். பாளம் பாளமாக வெடித்த மண், பிளாஸ்டிக் பைகள், காய்ந்த நாணல். கரையோரம் பொற்கொடியும் நான்கைந்து பெண்களும் குப்பையை அள்ளிக்கொண்டிருந்தார்கள். கையிலிருந்த ஆமைகள் கால்களை நீட்டித் துழாவின. கீழே விட அவருக்கு மனம் வரவில்லை. இவற்றுக்கு இங்கே தண்ணீர் இருந்த ஞாபகம் இருக்கிறது, அதைத் தடுத்து நிற்பது தன் மதில் என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

"இதுகளைக் கொஞ்சம் வெச்சிருங்க அம்மணி" என்று பொற்கொடியின் கூடையில் அவற்றை விட்டார். "நான் மதிலை ஒடச்சுப்போட்டு வாரேன்."

அவள் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு பின்னாலேயே வந்தாள்.

அன்று பவுண்டரியில் உலை மூட்டவில்லை. ஆட்களும் ஊர்ச்சனமும் சேர்ந்து, கொட்டிய மண்ணை முற்றத்தின் ஊடாக வெட்டி எடுத்தார்கள். கிழக்கு மதிலை முதலில் இடித்தார்கள். மேற்கு மதிலில் முதல் கல்லைச் சென்னகேசவனே கடப்பாரையால் நெம்பினார். கல் பெயர்ந்ததும் தண்ணீர் அவரைக் கீழே தள்ளிவிட்டு, தனக்குத் தெரிந்த பாதையில் ஓடியது.

"போகுதுங்க, போகுதுங்க" என்று கத்திக்கொண்டே எல்லோரும் அதனோடு ஓடினார்கள். வெடித்த மண் குமிழி விட்டுக் குடித்தது. குடித்து முடித்ததும் தண்ணீர் நின்று பரவியது. கரையில் வைத்துப் போயிருந்த ஆமைக் கூடையைப் பொற்கொடி தண்ணீரில் சாய்த்தாள்.

குட்டையை ஒட்டிய ரோட்டில் உக்கடம் போகும் பஸ் நின்றுவிட்டது. டிரைவர் இறங்கி வந்து கரைமேல் நின்றார். பின்னாலேயே பயணிகளும் இறங்கினார்கள். செருப்பைத் தொலைத்து, தலையெல்லாம் சேறாக நின்ற சென்னகேசவன் அவர்களைப் பார்த்து, "பாருங்க, எங்க பவுண்டரி வழியாத்தான் வருதுங்க" என்றார்.