டிரில் மாஸ்டருக்கு ஒரு சுற்று

குளிப்பாட்டி முடித்தும் கால் நகங்களுக்குள் இருந்த செம்மண் போகவில்லை. கருப்பம்மாள் ஈரத்துணியின் முனையைத் திரித்து, புருஷனின் ஒவ்வொரு நகமாகத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"போதும் கருப்பம்மா, விடு. பொழுது சாயுறதுக்குள்ள நம்ம ஊரு ஒக்கூரு போய்ச் சேரணும்" என்றார் மூத்தார் தங்கச்சாமி. வாசலில் வாடகை லாரி நின்றது.

காரைக்குடியில் உயர்நிலைப் பள்ளி ஒன்றில் இருபத்து நாலு வருஷம் டிரில் மாஸ்டராக இருந்த மாயக்கண்ணன், முந்தின நாள் சாயங்காலம் மைதானத்திலிருந்து வந்து தண்ணீர் கேட்டார். செம்பை வாங்குவதற்குள் சரிந்துவிட்டார்.

தம்பியின் வேலை தங்கச்சாமிக்கு எப்போதும் இளக்காரம்தான். "காடு கழனியைப் பாக்காம விசில் ஊதிக்கிட்டுத் திரியுறான்" என்பார். கருப்பம்மாளுக்கும் அந்த வேலையைப் பற்றி அதிகம் தெரியாது. விடியுமுன் போவார், இருட்டி வருவார். யாராவது ஜெயித்த அன்றைக்கு இரண்டு தோசை கூடச் சாப்பிடுவார். மைதானத்துப் பக்கம் அவள் போனதே இல்லை.

பாடையை லாரியில் ஏற்றும் நேரத்தில் இரும்புக்கடை சேக் பரீது வந்தான். கூடவே கைக்குழந்தையோடு ஒரு பெண். இரண்டு பேருமே சாரிடம் ஓடிப் பழகியவர்கள்.

"பெரியய்யா, போற வழியில சாரை கிரவுண்டுல ஒரு சுத்து கொண்டு போகணும். எல்லாரும் காத்துக் கெடக்காக."

"சவத்தை வச்சுக்கிட்டு என்னப்பா வெளையாட்டு? அது முறையில்ல."

அந்தப் பெண் கருப்பம்மாளின் அருகில் வந்தாள். "அம்மா, நான் அழகி. அறுபத்தாறுல ஜில்லா ரிலேயில கடைசி ஆளா ஓடுனவ. பொட்டப்புள்ள ஓடக்கூடாதுன்னு எங்கய்யா வீட்டுல பூட்டி வச்சப்ப, சாரு எங்க வாசல்ல வந்து மூணு நாள் வெயில்ல நின்னாக. ஒரு வார்த்தை பேசல. நாலாம் நாள் எங்கய்யாவே கதவைத் தொறந்துவிட்டாக."

அந்த மூன்று நாள் கருப்பம்மாளுக்கு நினைவிருந்தது. முகமெல்லாம் கருத்துப்போய் வந்தவரிடம், "எங்குட்டுப் போய் நின்னீக?" என்று கேட்டாள். "சும்மாதான்" என்று சொல்லிவிட்டு மோரைக் குடித்தார்.

மூத்தார் முன்னால் அவள் குரல் எழுப்பியதில்லை. இப்போது தலையை நிமிர்த்தினாள்.

"கொண்டு போகட்டும் மச்சான்."

மைதானத்து வாசலில் செருப்புகள் குவிந்து கிடந்தன. உள்ளே சுண்ணாம்புக் கோடுகள் அப்போதுதான் போட்டதுபோல வெள்ளையாக இருந்தன. கோட்டை ஒட்டி முந்நூறு, நானூறு பேர் வெறுங்காலோடு நின்றார்கள். காக்கிச் சட்டை பஸ் டிரைவர், போலீஸ்காரர், பிள்ளையார்பட்டிப் பூக்கடைக்காரர், பட்டாளத்திலிருந்து லீவில் வந்தவன், தலை நரைக்கத் தொடங்கியவர்கள், டவுசர் போட்ட பிள்ளைகள். இத்தனை பேரையும் தன் புருஷன் எந்த நேரத்தில் சேர்த்தார் என்று அவளுக்குப் புரியவில்லை.

நாலு பேர் பாடையைத் தோளில் ஏற்றினார்கள். நூறு மீட்டர் கோடு நெருங்கியதும் அங்கே காத்திருந்த நாலு பேர் கூடவே நடந்து, நடந்தபடியே தோளை உள்ளே கொடுத்தார்கள். பழைய தோள்கள் விலகின. பாடை நிற்கவில்லை, குலுங்கவும் இல்லை.

"இப்பிடித்தாம்மா ரிலேயில குச்சி மாத்தச் சொல்லிக் குடுத்தாக" என்று அழகி மெல்லச் சொன்னாள்.

இரண்டாவது கோட்டிலும் அப்படியே தோள் மாறியது.

கடைசிக் கோட்டில் சேக் பரீதும் இன்னும் இரண்டு பேரும் மட்டும் நின்றார்கள். ஒரு இடம் காலியாக இருந்தது. சேக் பரீது அழகியைத் திரும்பிப் பார்த்தான்.

"செத்த நேரம் வச்சுக்கங்கம்மா." குழந்தையைக் கருப்பம்மாளின் கையில் கொடுத்துவிட்டு, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அழகி நடந்தாள்.

"பொம்பளை..." என்று தங்கச்சாமி ஓரடி முன்னால் வைத்தார். கருப்பம்மாள் அவரையே பார்த்தாள். அவர் பின்னால் நகர்ந்து, தோள் துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

அழகி குள்ளம். அவள் தோளின் உயரத்துக்கு மற்ற மூன்று பேரும் முழங்காலை மடக்கிக் குனிந்து நடந்தார்கள். பாடை சமமாகப் போய்க்கொண்டிருந்தது.