பூட்டிக் கிடந்த பெல்ட்

கரடுமுரடான பாதைக்கென்று வாங்கிய எங்கள் ஜீப் மூன்று முறை உருண்டும் கூரை நசுங்கவில்லை. எனக்கு ஒரு கீறல்கூட இல்லை. பக்கத்தில் இருந்த மனைவி மட்டும் வெளியே தூக்கி எறியப்பட்டு இறந்துபோனாள்.

"வண்டி கோட்டை மாதிரி நிக்குது தம்பி," என்றார் மெக்கானிக். "அவங்க பெல்ட் போடலையா?"

"போடலைன்னா அலாரம் கத்தியிருக்குமேண்ணே. கத்தவே இல்லை."

அவர் அவளுடைய சீட்டைக் காட்டினார். பெல்ட் பூட்டியபடியே சீட்டின் முதுகோடு ஒட்டிக் கிடந்தது. "இது மேலயே சாஞ்சு உக்காந்திருக்காங்க. யார் பூட்டினது?"

விபத்துக்கு முந்தின நாள் அங்கே தண்ணீர்க் கேன் வைத்திருந்தேன். அலாரம் ஓயட்டும் என்று வெறும் பெல்ட்டைப் பூட்டினேன். கேனை இறக்கியபோது கழற்றினேனா? கழுத்தை அறுக்கிறது என்று அவளும் சில நாள் இப்படித்தான் பூட்டிவிட்டு உட்காருவாள். எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை.

"கழட்டிடவா தம்பி?"

"இருக்கட்டும்ணே," என்றேன். எதற்கென்று எனக்கே தெரியவில்லை.