பிரிக்காத சாம்ராட்

காலை எட்டு மணிக்கு அழைப்பு மணி விடாமல் மூன்று முறை அலறியது. ராகேஷ் வாயில் வைத்த இட்லி அங்கேயே நின்றுவிட்டது. வந்திருப்பது யாரென்று அவனுக்குத் தெரியும்.

வாசலில் கீர்த்தி வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டு நின்றாள். வீடியோ கேம் வீட்டுக்குள் வந்த வரலாற்றை அடையாறில் கண்காட்சியாக வைக்கப்போகிறவள். எழுபத்திரண்டில் அமெரிக்காவில் டிவியோடு இணைத்து, ஒரு கோட்டையும் மூன்று புள்ளிகளையும் வைத்து ஆடிய பெட்டியிலிருந்து ஆரம்பித்து, ஜப்பான்காரன் செய்த சிவப்பு வெள்ளை மெஷின் வரைக்கும் சேர்த்துவிட்டாள். அந்த ஜப்பான் மெஷினைப் பார்த்து நம் ஊரில் காப்பியடித்த டிவி கேம்களும் இருபது வைத்திருந்தாள். கிடைக்காதது ஒன்றுதான். அம்பத்தூரில் திருகாணி பூட்டி, தொண்ணூற்று நான்கில் விற்ற ‘சாம்ராட்’. 9999 கேம் என்று அட்டையில் போட்டிருக்கும். எண்ணிப் பார்த்தால் ஏழு. அதிலும் பிரிக்காத பெட்டி உலகத்திலேயே இல்லை என்று முடிவு கட்டியிருந்தாள். வாங்கிய வீட்டில் பிள்ளைகள் விட்டு வைப்பார்களா?

ஒரு வீட்டில் விட்டு வைத்தார்கள். அந்த வீடு கோபாலபுரத்தில் இருந்தது. பிள்ளையின் பெயர் ராகேஷ்.

தி.நகரில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் வெள்ளைத்துரை, தொண்ணூற்று நான்கு தீபாவளிக்கு மகனுக்கு சாம்ராட் வாங்கினார். பெட்டியைக் கண்ணில் காட்டிவிட்டு பீரோவுக்குள் வைத்துப் பூட்டினார். பத்தாவது பரீட்சை முடியட்டும் என்றார். பத்தாவது முடிந்தது. ப்ளஸ் டூ முடியட்டும் என்றார். அப்புறம் கவுன்சலிங், கல்லூரி, கடைப் பொறுப்பு. கல்யாணம் முடிந்த பிறகு, வந்த பெண் என்ன நினைப்பாள் என்றார். இப்போது ராகேஷுக்கு நாற்பத்தாறு வயது. பெட்டி அப்படியே இருக்கிறது.

இதை வெள்ளைத்துரை சொல்லாத கல்யாண வீடு சொந்த ஊரான திருநெல்வேலி ஜில்லாவில் கிடையாது. தன் பையன் ஒரு வார்த்தை கேட்டதில்லை, அந்தப் பீரோ பக்கம் திரும்பியதில்லை என்பார். அப்படி ஒரு கல்யாண வீட்டில்தான் இது கீர்த்தி காதுக்கும் எட்டியது. ராகேஷும் இந்தக் கதையை வீணாக்கவில்லை. பத்தாவது படிக்கும் மகள் பூஜாவின் செல்போனை வாங்கி அதே பீரோவில் வைத்துப் பூட்டிய அன்று, அப்பா உன் வயதில் எப்படி இருந்தேன் தெரியுமா என்று முக்கால் மணி நேரம் பேசினான்.

பெட்டிக்குள் சாம்ராட் இல்லை என்பது அவனுக்கு மட்டும் தெரியும்.

அந்த வருடம் அரைப்பரீட்சை லீவில், அப்பாவும் அம்மாவும் கடைக்குப் போயிருந்தபோது, பீரோ சாவியைத் தேடி எடுத்துத் திறந்து, இட்லிப் பானை ஆவியில் பெட்டியின் அடிப்பக்கத்தைக் காட்டி, ஒட்டுப் பிரித்து, உள்ளே இருந்ததை எடுத்துவிட்டான். எடைக்கு ஒன்பதாம் வகுப்புப் புத்தகங்களை அடுக்கி, கோந்து தடவி மூடினான். திருவான்மியூரில் சிநேகிதன் இனாயத் வீட்டில் இரண்டு மாதம் ஆட்டம் நடந்தது. பிப்ரவரியில் அடாப்டர் புகைந்து சாம்ராட் காலமானது. பழைய இரும்புக்காரர் அதற்கு ஒரு பிளாஸ்டிக் குடம் கொடுத்தார். குடம் இனாயத்தின் அம்மாவுக்குப் போனது.

கீர்த்தி பெட்டியைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாள். மேலே கம்பெனி டேப் அசையவில்லை. கீழே ஒட்டிய நேர்த்தியைப் பார்த்து, அந்தக் காலத்து வேலையே தனி என்றாள். பெட்டியைத் திறக்கவே கூடாது, ஆனால் உள்ளே பொருள் இருக்கிறது என்று யாராவது எழுதித் தர வேண்டும், அதனால் ஒரே ஒரு எக்ஸ்ரே எடுத்துவிடலாம் என்றாள். மனிதர்களுக்கான இடத்தில் மறுத்துவிட்டார்களாம். அடையாறில் ஒரு நாய் ஆஸ்பத்திரி ஒத்துக்கொண்டிருந்தது.

குடும்பச் சொத்தை வெளியே கொண்டுபோக வேண்டாம் என்று ராகேஷ் சொல்லிப் பார்த்தான். கதிர்வீச்சு பட்டால் கெட்டுவிடும் என்றான். ராகு காலம் என்றான். அன்று வியாழக்கிழமை, ராகு காலம் மத்தியானம்தான் என்று வெள்ளைத்துரை சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினார். பூஜாவும் கிளம்பிவிட்டாள். பள்ளிக்கூடம் லீவு.

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கும் அசோகன் பெட்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

“இன்னா சார், பேஷண்ட் எங்க?”

கீர்த்தி பெட்டியைக் காட்டினாள்.

“உள்ள இன்னா கீது? பாம்புன்னா இப்பவே சொல்லிடு நைனா, நான் வெளிய நின்னுக்குறேன்.”

பாம்பில்லை என்று தெரிந்ததும் அசோகன் படிவத்தை நிரப்பினார். பெயர் சாம்ராட். வயது முப்பத்தொன்று. தடுப்பூசி போடவில்லை.

முன்னால் ஒரு லாப்ரடாரும் கால் ஒடிந்த பூனையும் இருந்தன. ராகேஷ் பெஞ்சில் அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். எதிர்ப் பெஞ்சில் பூஜா. இன்னும் பத்து நிமிடத்தில் படத்தில் மூன்று புத்தகம் தெரியும். அப்பா முப்பத்தொரு வருடமாகச் சொன்னதெல்லாம் மகள் கண் முன்னால் பொய்யாகும். முந்திக்கொண்டு சொல்லிவிடுவது மேல் என்று பட்டது.

“அப்பா, ஒரு விஷயம்.”

“பெறகு சொல்லு. நாய் போய்ட்டு வரட்டும்.”

நாய் போய்விட்டு வந்தது. பூனையும் வந்தது. அதற்குள் ராகேஷுக்கு இருந்த தைரியம் போய்விட்டது.

சாம்ராட்டை உள்ளே எடுத்துப் போனார்கள். கதவு மூடியது, சிவப்பு விளக்கு எரிந்தது, அணைந்தது. அசோகன் ஃபிலிமைக் கொண்டுவந்து வெளிச்சத்தில் மாட்டினார். ராகேஷ் தரையைப் பார்த்தான்.

கீர்த்தி கையுறையோடு கை தட்டினாள்.

அவன் நிமிர்ந்தான். படத்தில் புத்தகம் இல்லை. மெஷின் இருந்தது. வயர் சுற்றிய இரண்டு ஜாய்ஸ்டிக், ஒரு கேசட், டிவியைச் சுடும் விளையாட்டுத் துப்பாக்கி, அடாப்டர். ஒவ்வொரு திருகாணியும் வெள்ளையாகத் தெரிந்தது. குழந்தை சுகமாக இருக்கிறது என்று அசோகன் வேறு சொன்னார்.

பூஜா ஃபிலிமைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள். நீ தொடவே இல்லையாப்பா, நிஜமாகவேயா என்று கேட்டாள். அவள் முகத்தில் அவன் இதுவரை பார்க்காத மரியாதை இருந்தது. அதை எங்கே வைத்துக்கொள்வதென்று ராகேஷுக்குத் தெரியவில்லை. தலையை ஆட்டி வைத்தான்.

கீர்த்தி எழுதித் தர வேண்டியதை டாக்டரிடம் எழுதி வாங்கப் போனாள். பூஜா பூனையிடம் போனாள். ராகேஷ் ஃபிலிமுக்கு எதிரே நின்று திருகாணிகளை எண்ணினான். பதினொன்று. மறுபடி எண்ணினான். அதே பதினொன்று.

வெள்ளைத்துரை கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு வந்து பக்கத்தில் நின்றார். மகனைப் பார்க்கவில்லை. படத்தைப் பார்த்தபடி, கடையில் துணியின் அகலம் சொல்லும் குரலில் சொன்னார்:

“பத்தாவது ரிசல்ட் வந்த அன்னைக்கு உன் கையில குடுத்துரலாம்னுதாம்ல தெறந்தேன், உள்ள ஒம்பதாங்கிளாஸ் புஸ்தகம்; அதுக்கு முன்னாலயே ஊரெல்லாம் பெருமையாச் சொல்லியாச்சு, வேற என்ன செய்ய, அன்னைக்கே புதுசா ஒண்ணு வாங்கி வச்சு ஒட்டிட்டேன்.”