தூண்டில் ரீலுக்குள் ஒரு தட்டு

மெஷினை வாங்கிப் போக ஆள் சாயங்காலம் வருவதாக இருந்தது. தையல்காரி மத்தியானச் சாப்பாட்டை அப்படியே மூடி வைத்துவிட்டாள்.

கல்யாணத்துக்கு முன்பிருந்தே அவளோடு இருக்கும் மெஷின் அது. போன வருடம் எண்ணெய் போடப் பிரித்தபோது, நூலை இறுக்கிப் பிடிக்கும் இரண்டு டென்ஷன் தட்டுகளில் ஒன்று காணாமல் போய்விட்டது. வீட்டைத் தலைகீழாகப் புரட்டியும் கிடைக்கவில்லை. பஸ் டிரைவரான அவள் கணவரும் கட்டிலுக்கடியில் குப்புறப் படுத்து, டார்ச் அடித்துத் தேடினார். பழைய மாடல், பார்ட்ஸ் வருவதில்லை என்று கடைகளில் கையை விரித்துவிட்டார்கள். கடைசியில் ஏதோ ஒரு தட்டையான வாஷரைப் போட்டு ஒப்பேற்றினாள். அன்றிலிருந்து தையலின் மேல்பக்கம் சிரிக்கும், அடிப்பக்கம் நூல் சுருள் சுருளாகத் தொங்கும். தைக்கக் கொடுப்பவர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள்.

"பிரிக்கத் தெரியுது, பூட்டத் தெரியலையே இன்ஜினியரம்மா!" என்று கணவர் சிரிப்பார். அவளும் கூடச் சிரித்து வைப்பாள். உள்ளுக்குள் சுருக்கென்று தைக்கும்.

இப்போது அவர் பக்கத்து அறையில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். மறுநாள் ஏரிக்கு மீன் பிடிக்கப் போக வேண்டும். மேஜையில் அவருடைய தூண்டில் ரீல் கிடந்தது. "பெரிய மீன் இழுத்தா விட்டுக் குடுக்க மாட்டேங்குது. திக்கித் திக்கி நிக்குது, தூண்டில் நரம்பு அறுந்துடுது" என்று ஒரு வருடமாக அதைத் திட்டிக்கொண்டிருக்கிறார். "ஆனா நீ இதுல மட்டும் கை வெச்சிடாதே!"

அப்படிச் சொல்லாமலிருந்தால் ஒருவேளை விட்டிருப்பாள். கைப்பிடியைச் சுற்றிப் பார்த்தாள். கரகர என்றது. உள்ளே என்னதான் இருக்கும்? விரல்கள் அரிக்க ஆரம்பித்துவிட்டன. மெஷினே போகப் போகிறது, இனிமேல் கெடுப்பதற்கு இந்த வீட்டில் வேறு என்ன இருக்கிறது என்று நினைத்தாள். ஸ்க்ரூடிரைவரை எடுத்துவிட்டாள்.

போன வருட அனுபவத்தில் அவள் ஒரு வழக்கம் வைத்திருந்தாள். கழற்றும் சாமானை எல்லாம் கழற்றிய வரிசையிலேயே ஒரு நூலில் கோர்த்து, கடைசியில் முடிச்சுப் போட்டுவிடுவாள். அதற்குப் பிறகு ஒரு கடுகளவு சாமான்கூட அவளிடமிருந்து தப்பியதில்லை.

ரீலின் வயிற்றுக்குள் பல்சக்கரங்கள். பழைய கிரீஸும் மணலும் சேர்ந்து அப்பியிருந்தன. பழைய பல் தேய்க்கும் பிரஷை மண்ணெண்ணெயில் நனைத்துத் தேய்த்தாள், துடைத்தாள், புது கிரீஸைத் தடவினாள். கோர்த்த வரிசையைப் பின்னாலிருந்து பிடித்து ஒவ்வொன்றாகப் பூட்டினாள். கைப்பிடி சத்தமே இல்லாமல் வழுக்கிக்கொண்டு சுற்றியது. அவளுக்குப் பெருமை தாங்கவில்லை.

ஆனால் நரம்பைப் பிடித்து இழுத்தால் இன்னும் திக்கியது. அப்படியானால் கோளாறு பல்சக்கரத்தில் இல்லை. நரம்பு சுற்றியிருக்கும் உருளையின் முன்பக்கத் திருகைக் கழற்றினாள். உள்ளே அடுக்கு: ஒரு கம்பளி வளையம், ஒரு உலோக வளையம், மறுபடி கம்பளி, மறுபடி உலோகம். திருகை இறுக்கினால் இந்த அடுக்கு நெருங்கி உருளையைப் பிடிக்கும். தளர்த்தினால் விட்டுக்கொடுக்கும். அட, நம்ம டென்ஷன் சமாச்சாரம்தானா இது என்று அவளுக்கு ஒரே குஷி.

இரண்டாவது உலோக வளையத்தை வெளியே எடுத்தாள். முதலாவது தட்டையாக இருந்தது. இது குட்டிச் சாசர் மாதிரி லேசாகக் குழிந்திருந்தது. ஓட்டையும் பெரிது, தண்டில் லொடலொடவென்று ஆடியது. திக்காமல் என்ன செய்யும்? எந்தப் புத்திசாலி இதை இங்கே போட்டது?

ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பினாள். புடைத்த முதுகில் மயிரிழை போல ஒரு தேய்ந்த கோடு. நூல் ஓடி ஓடி விழுந்த கோடு. ஆனால் தூண்டில் நரம்பு இந்த அடுக்குக்குள் வரவே வராதே. பிறகு எந்த நூல்?

எழுந்து மெஷினிடம் போனாள். டென்ஷன் திருகைக் கழற்றி ஒப்பேற்று வாஷரை உருவிப் போட்டாள். கையிலிருந்ததை மாட்டினாள். மிச்சமிருந்த பழைய தட்டின் முதுகோடு அதன் முதுகு அப்படியே பொருந்திக்கொண்டது. ஒரு துண்டுத் துணியை ஓட்டினாள். திருப்பிப் பார்க்கப் பயமாக இருந்தது. திருப்பினாள். அடிப்பக்கமும் மேல்பக்கமும் ஒரே அச்சு.

அவளுக்கு அழுகை வந்தது. கூடவே ஆத்திரமும். ஆனாலும் ரீலை வீசி எறியக் கையை ஓங்கும்போதே ஒரு யோசனை. அந்தத் தட்டையான ஒப்பேற்று வாஷரை ரீல் அடுக்கில் போட்டால்? போட்டாள். திருகினாள், இழுத்தாள். நரம்பு பதவிசாக, கேட்ட அளவுக்குக் கேட்ட நேரத்தில் வந்தது.

மெஷின் சத்தம் கேட்டுக் கணவர் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து நின்றார். "இன்னும் என்ன தைக்கிறே? ஆள் வர்ற நேரமாச்சு…" பிரஷ், கிரீஸ், ரீல் எல்லாம் அப்போதுதான் கண்ணில் பட்டன. "ஐயோ, பிரிச்சிட்டியா?"

"பூட்டியும் வெச்சிருக்கேன். இழுத்துப் பாருங்க."

இழுத்தார். மறுபடியும் இழுத்தார். முகம் மலர்ந்தது. "எப்படி?"

"உங்க ரீல்ல என் மெஷினோட தட்டு இருந்துச்சு. எடுத்துட்டேன்."

மலர்ந்த முகம் அப்படியே தொங்கிப்போனது. "நீ மெஷினைப் பிரிச்ச அன்னைக்கு என்னோட ரீல் வாஷர் தொலைஞ்சிடுச்சு. நீ காஸ்காரன் கூப்பிட்டான்னு எழுந்து போனே, நீ சாமானைப் பரப்பி வெச்சிருந்த பேப்பர்ல இது பளபளன்னு கிடந்துச்சு. ஒரே ஒரு நாளைக்குன்னுதான் எடுத்தேன். ஏரியிலேர்ந்து திரும்பி வந்தா நீ அழுதுட்டு இருக்கே. அப்புறம் எனக்கு வாயே வரல."

"வாய் வரலையா? ஒரு வருஷமா இன்ஜினியரம்மா, இன்ஜினியரம்மான்னு வந்துதே!"

வாசலில் யாரோ தட்டினார்கள். "அம்மா, மெஷின் எடுக்க வந்திருக்கேன்."

அவள் எழுந்திருக்கவில்லை. அடுத்த துணியை ஊசிக்கடியில் வைத்தாள். "நீங்களே போய்ச் சொல்லுங்க. ஏன் விக்கலைன்னு முழுசாச் சொல்லுங்க. கட்டிலுக்கடியில டார்ச் அடிச்சுத் தேடினதையும் சேர்த்து."